அரை நூல் ஆட்டம்

ஒரு மனிதரை, அவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கொண்டே வேலையை விட்டு நீக்க வைத்தேன். அவர் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதியவன் நான். எழுதியதில் ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அந்தத் தாளால் அவருக்கு வேலை போனது. அதைவிட, மனைவியின் தம்பி விரல்களை இழக்கக் காரணமானவர் என்ற பெயர் அவருக்கு வந்தது. அந்த மச்சினன் ஏழு வருடத்துக்கு மேல் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. விரல்கள் போனதற்கும் உறவு போனதற்கும் காரணமாக இருந்தவன் நான். எண்பதை நெருங்கும் வயதில் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். எழுத்தில் செய்ததை எழுத்திலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பொறியியல் படித்தவன். வேலை போன அந்த மனிதர் அங்கே இயந்திரங்கள் மாட்டும் பிட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். என்னை சார் என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன். சும்மா வாய்க்கு வந்த அண்ணாச்சி இல்லை. எனக்குத் தெரியாததை அவரிடம் கேட்டுக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை.

பஞ்சைச் சீவிப் பட்டையாக்கும் கார்டிங் பிரிவில் பெல்ட் ஓடும் பக்கத்துக்கு இரும்புத் தகட்டு மூடிகள் இருந்தன. ஆட்கள் அவற்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். மூடி போட்டால் உள்ளே பஞ்சு அடைக்கிறதா, பெல்ட் நழுவுகிறதா என்று தெரியாது என்பது அவர்கள் நியாயம். அதனால் பாலிகார்பனேட் மூடிகள் போடுவது என்று முடிவானது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், உடையாது. விற்க வந்தவர் எங்கள் முன்னாலேயே சுத்தியலால் நாலு போடு போட்டுக் காட்டினார். ஆலையில் எல்லோரும் அதைக் கண்ணாடி என்றே சொல்லிப் பழகினார்கள்.

சுத்தியலுக்கு உடையாத அந்தக் கண்ணாடி போல்ட்டுக்கு உடைந்தது. முதலில் மாட்டிய மூன்று மூடிகளிலும் ஒரு மாதத்துக்குள் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் கண்டது. விற்றவருக்குக் கடிதம் எழுதலாம் என்றேன். பிட்டர்தான் செத்த நேரம் பொறுங்கள் என்றார். உடைந்த மூடிகளைக் கழற்றிக் கொண்டுபோய் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் என் அறைக்கு வந்தார்.

"சார், இது வளருது."

"என்னது வளருது?"

"கண்ணாடிதான். வந்து பாருங்க."

கேன்டீன் மொட்டை மாடியில் நாலடி நீளத் துண்டு ஒன்றை வெயிலில் கிடத்தியிருந்தார். அதை ஒட்டி ஒரு இரும்புச் சட்டம். விடிந்ததும் இரண்டையும் ஒரே நீளத்துக்கு வெட்டி வைத்தாராம். இப்போது கண்ணாடி, சட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. டேப் வைத்துக் காட்டினார். முக்கால் நூல் இருக்கும்.

எங்கள் பக்கப் பட்டறைகளில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். இரண்டு நூல் போல்ட் என்றால் கால் அங்குல போல்ட். நூற்பாலையில் இருப்பவர்களுக்கு இதில் குழப்பமே வராது. எந்த நூலைப் பேசுகிறோம் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும்.

"இரும்பு அம்புட்டு வளரல சார். இது வளரப் பாக்குது, போல்ட்டு விட மாட்டேங்குது. அப்ப எங்கிட்டுப் போகும்? துளையிலதான் வெடிக்கும். இதுக்கு அரை நூல் ஆட்டம் விடணும்."

நான் படித்த படிப்பில் இது இருந்தது. வெப்பத்தில் பொருள்கள் விரிவது பற்றி ஒரு பாடமே எழுதித் தேறியிருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அடுத்த மூடிகளை அவர் மாட்டிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரிக்க மாட்டார். அடியில் பலகை கொடுத்து, புதிதாகச் சாணை பிடித்த டிரில்லை மெதுவாக இறக்குவார். இரண்டு நூல் போல்ட்டுக்கு இரண்டரை நூல் துளை. ஓரத்தை ஒட்டித் துளை போட மாட்டார். இரண்டு போல்ட் தலை அளவு உள்ளே தள்ளியே போடுவார். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் பெரிய டிரில்லைக் கையால் திருகி எடுப்பார். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷர் செய்வார். அதன் மேல் அகலமான இரும்பு வாஷர். நட்டைக் கையால் திருகி, அது நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான். துடைக்க சோப்புத் தண்ணீர். தின்னர், பெட்ரோல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

விரிசல் நின்றுவிட்டது. ஆனால் வேறொன்று வந்தது. இயந்திரம் ஓடும்போது மூடிகள் லேசாகக் கடகடத்தன.

அவருடைய மச்சினன் கார்டிங்கில் வேலை பார்த்தார். சேத்தூர்க்காரர். பிட்டர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டது. அக்காள் புருஷனைச் சீண்டாவிட்டால் அவருக்கு ஷிப்ட் ஓடாது.

"என்ன அத்தான், ஒங்க கண்ணாடி சலங்க கட்டி ஆடுது? மேளக்காரன் எப்ப வருதான்?"

"ஏலே, அது ஆடுத வரைக்கும் ஒன் வெரலு ஒங்கிட்ட இருக்கும். போயி பஞ்சப் பாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஆடி மாதம் பம்பாயிலிருந்து ஏற்றுமதி ஏஜென்டின் ஆட்கள் ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு கார்டிங் பிரிவைச் சுற்றி வந்தார். ஒரு மூடியின் மேல் கை வைத்தார். சத்தம் நின்றது. எடுத்தார். மறுபடி கடகட.

"என்ன சார் இது, தகர டப்பா மாதிரி? புது சாமான்னு சொல்லிக் காட்டப் போறோம். வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அது அப்படித்தான் இருக்கணும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். காரணமும் எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறேன். "சரி பண்ணிடறேன் சார்" என்றேன்.

பிட்டர் ஆடிப்பூரத் தேருக்காக நாலு நாள் லீவில் இருந்தார். வேறு ஆளை விட்டால் கேள்வி கேட்பான் என்று ஆலை விடுமுறை நாளில் நானே ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போனேன். எல்லா நட்டையும் முறுக்கினேன். ரப்பர் வாஷர் பிதுங்கி வெளியே வரும் அளவுக்கு முறுக்கினேன். கைரேகை தெரிகிறதே என்று தின்னரால் துடைத்தேன். முடித்துவிட்டு ஒரு மூடியைத் தட்டிப் பார்த்தேன். கிண்ணென்று இருந்தது. நல்ல வேலை செய்த திருப்தி எனக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் திரும்பி வந்த அன்று காலையிலேயே என் அறை வாசலில் நின்றார்.

"சார், கார்டிங்ல கண்ணாடிய யாரு முறுக்குனது?"

"நான்தான் அண்ணாச்சி. பம்பாய்க்காரங்க வர்றாங்க. சத்தம் கேக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னார்."

அவர் முகம் சுருங்கியது. "ஒங்களுக்குத் தெரியாதா சார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "தின்னர் வாடையும் அடிக்கி. வெடிச்சிரும் சார். இப்பமே தளத்திருதேன்" என்றார்.

"அவங்க வந்துட்டுப் போகட்டும். அன்னைக்கே தளத்திருங்க."

பம்பாய்க்காரர்கள் வருகை ஒரு வாரம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு வாரம். இரண்டு முறையும் அவர் வந்து நினைவுபடுத்தினார். இரண்டாவது முறை, துளைகளைச் சுற்றி மயிர் போலக் கோடு விழுந்திருக்கிறது என்றார். "இன்னும் நாலு நாள்தானே அண்ணாச்சி" என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியான ஷிப்டில் ஒரு மூடி மேல் துளை இரண்டிலும் பிளந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. அந்த இயந்திரத்தில் நின்றது அவர் மச்சினன்தான். தொங்கிய மூடி பெல்ட்டுக்குள் போய்விடக்கூடாது என்று கையை நீட்டிப் பிடித்திருக்கிறார். பெல்ட் மூடியை இழுத்தது, மூடியோடு கையையும் இழுத்தது. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. பிட்டர்தான் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். இயந்திரத்தை நிறுத்தியது நான். வேறு எதுவும் நான் செய்யவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், நட்டை முறுக்கியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், மூடி ஏன் உடைந்தது என்பதற்கு ஒரு பதில் வேண்டும் என்றார். பொறியாளரே முறுக்கினார் என்றால் நிர்வாகத்தின் குற்றம். பிட்டர் மாட்டிய விதம் சரியில்லை என்றால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். "அவருக்கு ஒண்ணும் ஆகாது. நான் பார்த்துக்கிறேன்." அவர் எனக்கு வழி காட்டினார் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. வழி தேடிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனேன்.

தலைமை அலுவலகம் படிக்க வேண்டும் என்பதால் பிட்டரின் வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டியிருந்தது. எழுத வேண்டியவன் நான். அவர் என் எதிரே உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தார். வற்புறுத்தி உட்கார வைத்தேன்.

"நீங்க செஞ்சத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

"பொறவு நீங்க முறுக்குனது?"

"அத நான்தானே சொல்லணும்."

"அதுவுஞ் சரிதான். ஒங்க வாயால சொன்னாத்தான் மருவாதயா இருக்கும்" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அரை நூல் விட்டுத்தான் சார் போட்டேன். நட்ட முழுசா முறுக்கல. கையால போட்டு, பொறவு கால் சுத்து. அதுக்கு மேல முறுக்கக் கூடாது."

போல்ட்டைவிடத் துளை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பெரிதாகப் போடப்பட்டது என்று ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதினேன். பேனா அங்கே நின்றது. இந்த வரியைப் படிக்கும் எந்தப் பொறியாளனுக்கும் வேலை சரியாகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். அப்படியானால் பிறகு யார் முறுக்கியது என்று அடுத்த கேள்வி வரும். தாளைக் கிழித்தேன்.

"என்ன சார், ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்ல. மை சிந்திருச்சு."

புதுத் தாளில் நூல் என்ற சொல்லை அப்படியே ஆங்கிலமாக்கினேன். 'ஹாஃப் எ த்ரெட்' விட்டேன் என்று எழுதினேன். போல்ட்டில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் மரைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நட்டை முழுதாக முறுக்கவில்லை என்று அவர் சொன்ன வரி அதன் பின்னாலேயே வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அரை மரை மிச்சம் விட்டு நட்டை முறுக்காமல் விட்டுவிட்டேன் என்று ஒருவர் தன் கவனக்குறைவை ஒப்புக்கொள்வது போல இருந்தது. மேலே முறுக்கக் கூடாது என்று அவர் கடைசியாகச் சொன்னதை எழுதவில்லை.

வாக்குமூலத்தின் கீழே வழக்கமாக ஒரு வரி எழுதுவார்கள். மேற்கண்டது அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார் என்று. அதையும் எழுதினேன். வாசித்துக் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தாளை என்னிடமிருந்து வாங்கி, மேஜை ஓரத்தில் நேராக வைத்து, தமிழில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

பத்து நாளில் வேலைநீக்க உத்தரவு வந்தது. எச்சரிக்கைக் கடிதம் என்றீர்களே என்று மேனேஜரிடம் கேட்டேன். "அவரே ஒத்துக்கிட்டிருக்காரே சார். எழுதினது நீங்கதானே" என்றார். அன்றைக்கு அவர் என்னை ஏமாற்றிவிட்டதாக எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பாதிக்கப்பட்டவன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"சார், நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

"சரி சார்" என்றார். நான் யாரிடமும் பேசவில்லை.

அந்தத் தாளின் நகல் மச்சினன் கைக்குப் போனது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார்: ஒங்க அத்தானே அரை மரை விட்டு முறுக்காம விட்டுட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அக்காளும் அத்தானும் பார்க்கப் போனபோது, இருவரையும் ஏசித் தெருவில் நிற்க வைத்து அனுப்பிவிட்டார். இதெல்லாம் ஆலையில் என் காதுக்கு வந்தது. விபத்துக்குக் காரணமான பிட்டர் என்று ராஜபாளையத்தில் எந்த ஆலையும் அவரை எடுக்கவில்லை என்பதும் வந்தது. நான் காலையில் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆலைக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்தன. அவற்றிலும் கண்ணாடி மூடிகள். ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். போல்ட்டைவிடப் பெரிய துளை. ரப்பர் வாஷர், அகல வாஷர். கூட வந்த புத்தகத்தைப் புரட்டினேன். துளையைப் பெரிதாகப் போடுங்கள், விளிம்பில் பிசிறு கூடாது, ஓரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள், இறுக்காதீர்கள், தின்னர் படக்கூடாது. கேன்டீன் மாடியில் வெயிலில் கிடத்தி அவர் கண்டுபிடித்த அத்தனையும் நல்ல ஆங்கிலத்தில் வரிசையாக அச்சாகியிருந்தது. இயந்திரத்தை ஓட்டினோம். மூடி கடகடத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டு இயந்திரம் அப்படித்தான் இருக்கும் என்று மேனேஜரே விளக்கினார்.

அதே வாரம், அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் பேச்சுவாக்கில், அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை, சீர்த்தட்டை ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை வைத்துத் தூக்க வைத்தார்கள், பெண்ணின் அம்மா மேடையேற மாட்டேன் என்று அடுப்படியிலேயே இருந்துவிட்டாள் என்று சொன்னார். அன்று முழுவதும் நான் எந்த வேலையும் பார்க்கவில்லை.

நடந்ததை எல்லாம் நிர்வாகத்துக்கு எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. முறுக்கியவன் நான், வாக்குமூலத்தைத் திரித்தவன் நான், அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று. மேனேஜர் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். முடிந்துபோன விஷயம் என்று இரண்டு வரிப் பதில் வந்தது. சில வாரத்தில், நானே விலகிக்கொள்வது நல்லது என்றார்கள். விலகினேன். இதை ஒரு தண்டனையாக நான் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது.

கடிதத்தையும் பழைய வாக்குமூலத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். சுந்தரபாண்டியத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. கிணற்று மோட்டார்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாணைக்கல்லின் முன்னால் ஒரு கண்ணாடித் துண்டை மாட்டியிருந்தார். சைக்கிள் டியூப் வாஷர்.

கடிதத்தை நீட்டினேன். தமிழில் இருந்ததை இரண்டு முறை படித்தார்.

"அந்த இங்கிலீசுத் தாளு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"அதுல நான் என்ன சொன்னதா இருக்கு? ஒரு வரி விடாம வாசிங்க. தமிழ்ல."

வாசித்தேன். அரை மரை என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நூலுக்கு மரையா?"

"ஆமா."

"தெரியாம எழுதினீகளா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

பக்கத்துத் தட்டில் கிடந்த ஒரு நட்டை எடுத்து விரலில் உருட்டினார். வெளியே ஒரு பஸ் வந்து நின்று புறப்பட்டது.

"ஏழு வருசமா நான் என் நாக்கையில்ல ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார். "எங்கனயோ ஒளறியிருக்கேன், அதத்தான் சார் எழுதியிருக்காருன்னு. எம் பொண்டாட்டி கேக்கும்போதெல்லாம், ஏட்டி, என் வாயிலதான் ஏதோ தப்பா வந்திருக்கும்னு சொல்லுவேன். நீங்க முறுக்குனத நீங்க சொல்லாம விட்டீக. அது பயம். புள்ளகுட்டிக்காரரு, பயந்துட்டாருன்னு விட்டுட்டேன். ஆனா இது உக்காந்து எழுதுனது. என்னைய எதுக்க உக்கார வச்சு எழுதுனது."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே சின்னதாகக் கேட்டது.

"மில்லுக்கு எழுதி என்ன ஆகப் போகுது? அவங்கிட்டப் போயிச் சொன்னீகளா?"

"இன்னும் இல்ல."

"கையி அவனுதுதான?"

"நீங்களும் கூட வாங்க அண்ணாச்சி, சேர்ந்து போய்ச் சொல்லுவோம்."

"நான் எதுக்கு? நான் செய்யலன்னு அன்னைக்கே சொன்னேன். அவன் தாள நம்புனான்." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மோட்டாரின் பக்கம் திரும்பிவிட்டார். நான் எழுந்தபோது போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் சேத்தூருக்குப் போனேன். மச்சினன் வீட்டு முன்னால் மருந்து தெளிக்கும் கருவியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று விரலால் ஸ்பேனரைப் பிடித்துத் திருப்பப் பழகியிருந்தார். அவர் மனைவி என்னை யாரென்று தெரியாமலேயே உட்காரச் சொல்லி, உள்ளே போனார். உட்காராமல், வந்த விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முறுக்குனது நீங்க."

"ஆமா."

"தின்னரும் நீங்கதான்."

"ஆமா."

"எங்க அத்தான் தளத்தணும்னு வந்து கேட்டாரு, நீங்க வேண்டாம்னுட்டீக."

"மூணு தடவ கேட்டார்."

அவர் கையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெரலு மிசினுல போச்சு. அதுக்குக்கூட நான் ஒங்கள வைய மாட்டேன். எங்க அக்கா அன்னைக்குத் தெருவுல நின்னு அழுதா. அவுக செய்யலடா, சொன்னாக் கேளுடான்னா. கையெழுத்து இருக்குல்ல, இன்னும் என்ன நடிப்புன்னு கேட்டேன். வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வஞ்சேன். அத நான் எப்பிடி சார் திருப்பி எடுக்க? நீங்க வந்து எடுத்துத் தருவீகளா?"

அவர் மனைவி காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. டம்ளரைக் கொடுக்காமல் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

"போங்க சார்" என்றார் மச்சினன்.

இரண்டு வருடம் கழித்துத் தை மாதத்தில் பிட்டரின் இரண்டாவது பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பத்திரிகை வரவில்லை. வர நியாயமும் இல்லை. ஆனாலும் போனேன். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

மண்டப வாசலில் சைக்கிள்கள் நின்ற பக்கமாக ஒதுங்கி நின்றேன். மேளம் முழங்கச் சீர்வரிசை வந்தது. முதல் தட்டைத் தூக்கி வந்தவர் சேத்தூர் மச்சினன். பட்டுப்புடவையும் தேங்காயும் இருந்த தட்டு கனமாக இருந்திருக்க வேண்டும், வலது கையை அடியில் முழுதாகக் கொடுத்துத் தாங்கியிருந்தார். அக்காள் வாசலில் ஆரத்தியோடு நின்றாள். அவர் அவளைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் தோளில் ஒரு தட்டு தட்டி உள்ளே தள்ளினாள். போதும் என்று நான் திரும்பினேன்.

யாரையோ வழியனுப்ப வெளியே வந்த பிட்டர் என்னைப் பார்த்துவிட்டார். இருவருக்கும் இடையில் பத்தடி இருக்கும். அவர் முகத்தில் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை.

"சாப்பிட்டுப் போங்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

சார் என்று சொல்லவில்லை. ஆலையில் பழகிய அத்தனை வருடமும் அந்தச் சொல் இல்லாமல் அவர் என்னிடம் பேசி முடித்ததில்லை. சுந்தரபாண்டியத்தில், தாளை வாசித்த பிறகு அது நின்றுவிட்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் சாப்பிடச் சொல்வது வழக்கம். அதைத்தான் சொன்னார். அதற்கு மேல் நான் எதையும் அதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

சாப்பிடாமல் போனால் அவர் பேச்சை மறுத்ததாகும். கடைசிப் பந்தியில் ஓரத்து இலையில் உட்கார்ந்தேன். தாய்மாமன் வரிசையாக ஒவ்வொரு இலையின் முன்னும் நின்று, "நல்லாச் சாப்பிடுங்க, அண்ணாச்சிக்கு ஒரு வட வையிலே, ரசம் எங்கலே" என்று உபசரித்துக்கொண்டே வந்தார். என் இலைக்கு முன்னால் வந்தார். நிமிர்ந்து பார்த்தேன். நிற்காமல் தாண்டிக் கை கழுவும் பக்கம் போனார்.

சாப்பிட்டு முடித்து இலையை மடித்தேன். எழுந்து போய்ப் பஸ் ஏறினேன்.